ஓதென்ஸ நகரில் ஒரு தோட்டத்துப் பாட்டி

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். வட்டமான நீல நிறத் தகர டப்பா ஒன்று இருக்கும். எந்தத் தீபாவளிக்கோ யாரோ வாங்கிக்கொண்டு வந்த டேனிஷ் பட்டர் பிஸ்கட் டப்பா. பிஸ்கட் தீர்ந்து பத்து வருடமாகியிருக்கும். இப்போது அதற்குள் ஊசியும் நூலும் பொத்தானும்தான் இருக்கும். அந்த டப்பா பிறந்த நாட்டில் ஒரு நகரம். அந்த நகரத்தில் எப்படி நடப்பது, எதில் ஏறுவது, எங்கே இறங்குவது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

"டென்மார்க் எங்கே, நம் தோட்டம் எங்கே?" என்று கேட்காதீர்கள். தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தை அறிவீர்கள் அல்லவா? 1906-ல் அதைத் தொடங்கிய ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ஒரு டென்மார்க்காரர். அந்தக் காலத்தில் வெள்ளைத்தோல் துரைகள் எல்லாரையும் ஆங்கிலேயர் என்றே நினைத்துக்கொண்டோம். அவர்களில் சிலர் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள். துரை அங்கிருந்து இங்கே வந்தார். நூறு வருடம் கழித்து, பால்மரம் சீவிய என் அக்காள் இங்கிருந்து அங்கே போனாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்காள் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அவள் மகள் ஓதென்ஸ நகரப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கப் போனவள், அங்கேயே வேலையும் பார்த்து, குடும்பமும் ஆகி, 2025-ல் முதல் பிள்ளையைப் பெற்றாள். பேறுகாலம் பார்க்கத் தாய் போகாமல் இருக்க முடியுமா? ஆனால் அக்காளுக்கு ஒரு பயம். 1989-ல் கோலாலம்பூர் புடுராயாவில் வழி தவறி இரண்டு மணி நேரம் அழுதுகொண்டே நின்றவள் அவள். அன்றிலிருந்து தனியாக எங்கும் போனதில்லை. டவுனுக்குப் போனாலும் துணை வேண்டும். மூன்று மாதம் தங்க வேண்டும், மருமகன் வேலைக்குப் போய்விடுவார், மகள் பச்சை உடம்புக்காரி. கடைக்குப் போக, பிள்ளைக்கு ஏதாவது வாங்க, அக்காள்தான் வெளியே இறங்க வேண்டும். "மூணு வாரம் நீ கூட வாடி. எனக்குப் பாதை பழக்கிவிட்டு நீ திரும்பிடு" என்றாள். போனேன்.

முதலில் மூட்டை முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் ஆகாது. செடி கொடிக்கெல்லாம் சான்றிதழ் கேட்பார்கள். மீன் வகைக்கு மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. ஆகவே நெத்திலியும் கருவாடும் பயமில்லாமல் போகலாம். நன்றாகக் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரர் பாவம். நம் மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ் உள்ளவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

விமானம் கோப்பன்ஹேகனில் இறங்குகிறது. ஓதென்ஸ அங்கிருந்து மேற்கே, ஃபூன் என்ற தீவில் இருக்கிறது. டென்மார்க்கில் மூன்றாவது பெரிய நகரம் என்றாலும் மக்கள் தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவுதான். பெயரைச் சொல்லும்போது நம் 'பாதை'யில் வரும் 'த' போல மெதுவாகச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் அதையும் பாதி விழுங்கிவிடுகிறார்கள்! ஓடின் என்ற பழங்காலத் தெய்வத்தின் பெயரால் வந்த ஊர் அது.

விமான நிலையத்தோடு சேர்ந்தே ரயில் நிலையம் இருக்கிறது. நேராக ஓதென்ஸ போகும் ரயில் உண்டு. இல்லாத நேரத்தில் கோப்பன்ஹேகன் பெரிய நிலையத்தில் மாற வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். டிக்கட் ஏறுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வண்டிக்குள் வந்து பார்ப்பவரிடம் "இனிமேல்தான் எடுக்கணும்" என்று சொன்னால் நடக்காது, பலத்த அபராதம். இன்னொன்று, டிக்கட் வேறு, இருக்கைச் சீட்டு வேறு. டிக்கட் மட்டும் எடுத்தால் காலியான இடத்தில் உட்காரலாம், முன்பதிவு செய்தவர் வந்தால் எழுந்திருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கொஞ்சம் காசு போனாலும் இருக்கைச் சீட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

ரயில் வந்து நின்றதும் அக்காள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், மூக்கைப் பாருடி. ரப்பர்!" உண்மைதான். அந்த ரயில்களின் முகப்பில், சுற்றிலும் தடித்த கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. இரண்டு ரயில்களை ஒன்றாக இணைக்கும்போது இரு ரப்பர் மூக்குகளும் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். ஓட்டுநரின் இடத்தை ஒதுக்கிவிட்டால் நடுவே நடந்துபோக வழியும் திறக்கும். முப்பத்தொரு வருடம் பால் எடுத்தவள் கண்ணில் அந்த நாட்டில் முதலில் பட்டது ரப்பர் என்றால் பாருங்களேன்!

இந்த இணைப்பு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பாதையில் கடல் குறுக்கே வருகிறது. 1997 வரை ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடத்தினார்கள். அதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும். இப்போது ரயில் 8 கிலோமீட்டர் கடலுக்கடியில் சுரங்கத்தில் ஓடி, ஸ்ப்ரோகோ என்ற சின்னத் தீவில் தலை நீட்டி, பிறகு 6 கிலோமீட்டருக்கு மேல் பாலத்தில் போகிறது. அக்காள் சுரங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். பாலம் வந்ததும் கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். தோட்டத்தில் ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்குக் கூப்பிடும் குரல் அவளுக்கு. எதிரே இருந்த பெரியவர் சிரித்தபடி மேலே ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்திருந்தது பேசக் கூடாத பெட்டி! இப்படி 'அமைதிப் பெட்டி' ஒவ்வொரு ரயிலிலும் இருக்கும். கதைபேசிகள் வேறு பெட்டியில் இடம் கேளுங்கள்.

இனி நகரத்துக்கு வருவோம்.

ஓதென்ஸவில் ஒரு டிராம் ஓடுகிறது. 1911 முதல் 1952 வரை அங்கே டிராம் இருந்ததாம். பிறகு எடுத்துவிட்டு, எழுபது வருடம் கழித்து, 2022 மே மாதத்தில் புதிதாக விட்டிருக்கிறார்கள். மேற்கே தாரூப்பில் தொடங்கி, ரயில் நிலையம், நகர நடு, ரோசன்கோர் என்ற பெரிய கடைத்தொகுதி, பல்கலைக்கழகம் என்று போய்த் தெற்கே யல்லஸவில் முடிகிறது. மொத்தம் 14.5 கிலோமீட்டர், 26 நிறுத்தங்கள். ஒரே தடம்தான். மாற வேண்டியதில்லை, பிரிய வேண்டியதில்லை. வழி தவறுவதற்குப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது. தவறான திசையில் ஏறிவிட்டாலும் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் போதும். மேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டம், காலைத் தூக்கி வைக்க வேண்டாம். தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்து அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம்.

கட்டணம் எப்படி? நம் டச் அண்ட் கோ மாதிரிதான். ஏறும் முன் கைப்பேசிச் செயலியில் ஓர் இழுப்பு, இறங்கியதும் ஓர் இழுப்பு. ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் நாடு முழுவதும் ஒரே செயலி. இறங்கும்போது இழுக்க மறந்தால் கணக்குத் தொடர்ந்து ஓடும். இதற்கு வங்கி அட்டை வேண்டும், மகளோ மருமகனோ செய்து கொடுத்துவிட்டால் பிறகு சுலபம். அக்காளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: "பெரட்டுக்குப் பேர் கொடுக்கிறது போல, வேலை முடிஞ்சு பால் நிறுத்துப் போடுறது போல. ரெண்டும் செஞ்சாத்தான் சம்பளம்." அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. நான்தான் இருமுறை மறந்தேன்.

நிறுத்தங்களின் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனால் நம் மக்களுக்கு ஒரு வசதி உண்டு, கவனித்தீர்களா? மலாய் படித்த நாம் ரோமன் எழுத்தை வாசிப்போம். போலீஸ், பஸ், டாக்சி எல்லாம் அங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறது. அக்காள் பெயரை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினாள். நிலையத்திலிருந்து மகள் வீட்டுக்கு எட்டு நிறுத்தம். ஒரு நிரையில் எத்தனை மரம் என்று இருட்டில் எண்ணி வைத்தவளுக்கு எட்டு ஒரு கணக்கா?

இவ்வளவும் சுலபம். கடினமானது சாலைதான்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். அங்கே வலப்பக்கம். சாலையைக் கடக்க நின்றால் நம் தலை தானாக வலது பக்கம் திரும்பும். வண்டியோ இடது பக்கமிருந்து வரும். இது விளையாட்டல்ல, உயிர் விஷயம். முதல் வாரம் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அடுத்தது சைக்கிள் பாதை. நடைபாதைக்கும் கார் பாதைக்கும் நடுவே சைக்கிளுக்கென்றே தனிப் பாதை. ஓதென்ஸவில் மட்டும் இப்படி 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வேலைக்காரர், வக்கீல், பள்ளிப் பிள்ளை எல்லாரும் சைக்கிள்தான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதில் இறங்கி நின்றுவிடாதீர்கள். இரண்டாம் நாளே அக்காள் நின்றாள். கிண்கிணி என்று மணியடித்துக்கொண்டு ஒரு பெண், முன்னால் மரப்பெட்டி கட்டிய சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, காற்றாக வந்துகொண்டிருந்தாள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! அந்தப் பெண் காலை ஊன்றி நின்று, "நலமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனாள். அக்காள் அன்று முழுவதும் வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கும் எனக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவளைக் கட்டாயப்படுத்தாமல், வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அரை மணி நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள்: "சிவப்பு விளக்குல ஒருத்தனும் தாண்ட மாட்டேங்கிறான்டி. வண்டியே இல்லைன்னாலும் நிக்கிறான். அப்போ பச்சை வந்தா நமக்குப் பயமில்லை." எவ்வளவு சரி! வளைந்து திரும்பும் வண்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நகர நடுவில் சில விளக்குகளில் வெறும் மனித உருவம் கிடையாது. உயரத் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு மனிதர். அவர்தான் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். பள்ளிப் புத்தகத்தில் படித்த அழகில்லாத வாத்துக் குஞ்சின் கதையை எழுதியவர். பிறந்தது இந்த ஊரில், 1805 ஏப்ரல் 2.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். நான் எடுத்தேன். பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி சட்டென்று நின்றுவிடும். அது தெரியாமல் மிதித்து விழப் பார்த்தேன். நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப நினைத்தால் நேராகக் குறுக்கே வெட்டக் கூடாது. முதலில் நேரே கடந்து, அந்த மூலையில் நின்று, பிறகு திரும்ப வேண்டும். இருட்டினால் விளக்கு கட்டாயம். மே, ஜூனில் இருட்டு வருவதே இல்லை போலிருக்கிறது. இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரில் போகிறவர்களுக்கு மாலை நான்குக்கு முன்பே விளக்கு வைத்தாகிவிடும்.

மூன்றாம் வாரம் அக்காளும் நானும் நகரத்தை நடந்தே பார்த்தோம். ரயில் நிலையத்துக்கு எதிரே அரண்மனைத் தோட்டம், அதைத் தாண்டினால் கடைத்தெரு. நடுவில் முன்பு நான்கு தட கார்ச் சாலை ஒன்று ஓடியதாம். 1960-களில் பழைய வீடுகளை இடித்துப் போட்ட சாலை. அது ஊரையே இரண்டாகப் பிளந்துவிட்டது என்று வருந்தி, 2014-ல் காருக்கு மூடிவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் வீடுகளும் மரங்களும். டிராமும் அந்த வழியாகத்தான் போகிறது. போட்ட சாலையைத் திரும்ப எடுத்த ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நம் பக்கம் சாலை வந்தால் லயம்தான் போகும்.

ஆண்டர்சன் நடந்த இடங்களுக்கு வழிகாட்ட, தரையில் பெரிய பெரிய பாத அடையாளங்கள் பதித்திருக்கிறார்கள். வரைபடம் வேண்டாம், குனிந்து பார்த்துக்கொண்டே போகலாம். அவர் பிறந்ததாகச் சொல்லும் மஞ்சள் நிற மூலை வீடும், அருகில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ கூமா வரைந்த புதிய காட்சியகமும் பார்க்க வேண்டியவை. ஆனால் நீங்கள் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், பெரிய தேவாலயத்துக்கு அருகில் சின்னத் தெருவில் இருக்கும் அவருடைய சிறுவயது வீட்டைப் பாருங்கள். செருப்புத் தைக்கும் தகப்பன், துணி வெளுக்கும் தாய், ஒரே அறை. அதே கூரையின் கீழ் வேறு குடும்பங்களும் இருந்தன. அக்காள் வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "நம்ம லயத்து வீடுதானே இது" என்றாள். தகப்பன் 1816-ல் இறந்தார். பையன் 1819-ல், பதினான்கு வயதில், கோப்பன்ஹேகனுக்குப் புறப்பட்டுப் போனான்.

அங்கிருந்து ஆற்றங்கரை மிகப் பக்கம். அந்த ஆற்றில்தான் அவன் தாய் குளிர் தண்ணீரில் நின்று ஊரார் துணியைத் துவைத்தாள். பிற்காலத்தில் ஆண்டர்சன் ஒரு வண்ணாத்தியைப் பற்றிக் கதை எழுதினார். குளிர் தாங்காமல் கொஞ்சம் சாராயம் குடித்துக்கொண்டு வேலை செய்கிறாள். ஊர்ப் பெரியவர் அவளை எதற்கும் உதவாதவள் என்கிறார். அவள் உழைத்தே செத்துப்போகிறாள், மகனுக்காக. இதை அக்காளுக்குச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. எங்கள் அம்மா வேலை முடிந்து வந்து, கள்ளுக்கடைப் பக்கம் போன கதை எங்கள் இருவருக்கும் தெரியும். "அந்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டாள். ஆன மரீ என்றேன். தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். மே மாதத்திலேயே ஐஸ் போல இருந்தது.

1867-ல் ஓதென்ஸ நகரம் ஆண்டர்சனுக்குப் பெருமைக்குரிய குடிமகன் பட்டம் தந்து, தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் விட்டது. தாய் 1833-லேயே போய்விட்டாள், ஏழைகள் விடுதியில்.

கோடைகாலத்தில் அதே ஆற்றில், முங்க மோச என்ற பூங்காவிலிருந்து மிருகக்காட்சிச் சாலைப் பக்கமாகச் சின்னப் படகு விடுகிறார்கள். கால் வலிக்காரர்களுக்கு இதமான பயணம், வாத்துகள் கூடவே வரும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் நான்கு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: மாடு 'ஒக்ஸகோத்', பன்றி 'ஸ்வினகோத்', கோழி 'கிலிங்', மீன் 'ஃபிஸ்க்'. நன்றிக்குத் 'தக்'. கறுப்பு ரொட்டி ஒன்று இருக்கிறது, பசியாறக் கொடுப்பார்கள். வயிறு நிறையும், நாக்குத்தான் ஏங்கும். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். பெரும்பாலும் எல்லா இடத்திலும் அட்டைதான், ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள். ஆபத்து என்றால் 112.

கோயிலுக்கும் ஒருநாள் போனோம். இலங்கைப் போருக்குத் தப்பி 1980-களில் வந்த தமிழர்கள் யூட்லாந்து பக்கம் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். பிராண்ட ஊரில் அபிராமி அம்மன் கோயில், ஹெர்னிங்கில் விநாயகர் கோயில். பிராண்டவுக்கு ஓதென்ஸவிலிருந்து ரயிலேறி, வைல நிலையத்தில் மாற வேண்டும். ரப்பர் மூக்கை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஒட்டி ஓடும் ரயில்கள் வழியில் பிரிந்து முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறு ஊருக்கும் போகும். நாங்கள் தவறான பாதியில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தோம். டிக்கட் பார்க்க வந்தவர் பார்த்து, பிரிவதற்கு முந்திய நிலையத்தில் ஓடச் சொன்னார். ஓடினோம். அக்காள் என்னைவிட வேகமாக ஓடினாள்! ஆகவே ஏறும் முன் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஊர்ப் பெயரைப் பாருங்கள்.

நான் திரும்பும் நாள் வந்தது. மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், மருமகன் வேலைக்குப் போயாகிவிட்டது. "நான் கொண்டுபோய் விடுறேன்" என்றாள் அக்காள். என் பெட்டியை அவளே உருட்டினாள், அவளே இழுத்தாள், எட்டு நிறுத்தம் எண்ணினாள். நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதோம். ஆனால் இந்த முறை வழி தெரியாமல் அழுத அழுகை அல்ல.

மேல் மாடி நடைபாதைக் கண்ணாடியிலிருந்து பார்த்தேன். கீழே சேலையும் குளிர்ச்சட்டையுமாக அவள் சாலையோரம் நின்றாள். விளக்கு சிவப்பு. வண்டி ஒன்றுமில்லை. நின்றாள். பச்சை விழுந்ததும் முதலில் இடது பக்கம் பார்த்தாள், பிறகு வலது, பிறகு சைக்கிள் பாதையை. கடந்தாள்.

ரயிலில் அமைதிப் பெட்டியில் எனக்கு இடம். கடலுக்கடியிலிருந்து வெளியே வந்ததும் கைப்பேசி நடுங்கியது, குரல் செய்தி. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்தேன்.

"வந்து சேர்ந்துட்டேன்டி. வர்ற வழியில கடையில இறங்கி பாலும் வாங்கிட்டேன். சரி, அந்த நெத்திலிப் பொட்டலத்தை எங்கே வெச்சே?"